தந்தையின் பெயரில் ஓர் இசைத்தொகுப்பு

மார்க்கத்தில் எமது வீடுகளின் கராச்சுகளுக்குள் காரும், அரிசி மூட்டைகளும், பனி அள்ளும் சவளுமே பெரும்பாலும் குடியிருக்கும். சென்ற கோடையில் எங்கள் தெருவின் கராச் ஒன்றிலிருந்து மாலைதோறும் கிற்றார் ஒலித்தது. வாசித்தவள் பதினேழு வயதுத் தமிழ்ப் பிள்ளை. "உது என்ன சத்தம், பிள்ளை?" என்று தந்தை கேட்க, "நான் கட்டின பாட்டு, அப்பா" என்றாள். அவர் பதிலேதும் சொல்லாது கதவைச் சாத்தினார்.

1960களில் வட அமெரிக்க இளைஞர்கள் இவ்வாறே மலிவான கருவிகளுடன், எவருடைய அனுமதிக்கும் காத்திராது பாடத் தொடங்கினர். 'கராச் றொக்' என்ற பெயர் அவ்விதமே பிறந்தது. எம்மவரிடையே அத்தகைய துணிவை உலகறியச் செய்தவர், 'எம்.ஐ.ஏ.' எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம். அவரது இசை கராச் றொக் அன்று. எனினும் பிறந்த விதம் அதனையே ஒத்தது.

1975இல் லண்டனில் பிறந்த மாதங்கி, யாழ்ப்பாணத்திலும் சில காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பினார். தாயார் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ஓவியமும் திரைப்படமும் பயின்ற மகள், 'இலாஸ்ரிக்கா' என்ற றொக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றார். அங்கு அவரை இசையின் பக்கம் திருப்பியவர் எமது ரொறன்ரோவைச் சேர்ந்த பாடகி பீச்சஸ். றோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளக்கருவியொன்றுடன் தனியே மேடையேறியவர் அவர். அதே கருவியைக் கொண்டு மாதங்கியும் தமது பாடல்களை அமைக்கலானார். 2003இல் வெளிவந்த முதற்பாடலின் இசைத்தட்டுகள் 500 மட்டுமே.

2005 மார்ச்சில் வெளியான முதல் தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'அருளர்'. எமது வாசகர்களுக்கு அப்பெயர் புதிதன்று. ஈரோஸ் இயக்கத்தின் தோற்றுநர்களுள் ஒருவரான அவரது தந்தையின் புனைபெயர் அது. 1977 வன்செயலில் கொழும்பிலிருந்து கப்பலில் வடக்கே சென்ற அகதிகளைப் பற்றி அவர் எழுதிய 'லங்காராணி' நாவலும் அப்பெயரிலேயே வெளிவந்தது. இயக்க வாழ்வு அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. பாதுகாப்புக் கருதி, தந்தை என்றல்லாது உறவினர் என்றே தமக்கு அறிமுகப்படுத்தப்பட்டதாக மகள் கூறியுள்ளார். தம் பெயரைத் தேடும் தந்தை தம்மைக் கண்டடைவார் என்பதே அவரது எண்ணம். தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது; பெயரை மாற்றும்படி அது கேட்டது. மகள் மாற்றவில்லை. அவ்வாண்டு பிரித்தானியாவின் மேர்க்குரி விருதுக்கு அத்தொகுப்பு முன்மொழியப்பட்டது.

2007இல் வந்த இரண்டாவது தொகுப்பின் பெயர் 'கலா'. அமெரிக்க விசா தடைப்பட்டதால் பல நாடுகளில் அலைந்து ஒலிப்பதிவு செய்த அத்தொகுப்பில், தமிழகத்தின் உறுமி மேளமும் முழங்கியது. முதற்பெயர் இல்லாதிருந்தவரைத் தேடியது. இரண்டாவது, எப்போதும் உடனிருந்தவரை நினைத்தது. எத்தனையோ எம் குடும்பங்களின் வரலாறு இவ்விரு தலைப்புகளுள் அடங்கிவிடுகின்றது.

துப்பாக்கியோசையைத் தாளமாக்கிய அவரது இசையில் எமது துயரம் அலங்காரமாகிவிடுகின்றதோ என்ற ஐயம் எனக்கும் எழுந்ததுண்டு. ஆயினும் செல்லடிக்கு நடுவே வளர்ந்த குழந்தையின் காதில் வேறெவ்வோசை தங்கியிருக்கும்?

அருளர் 2019 டிசம்பரில் காலமானார். அவரது பெயர் ஒரு நாவலின் அட்டையிலும் மகளின் இசைத்தொகுப்பிலும் நிலைத்திருக்கின்றது.

எங்கள் தெருவில் அந்தக் கதவு இப்போது பாதி திறந்திருக்கின்றது. பனிக்காலத்துக்கென ஒரு சிறிய வெப்பமூட்டியை வாங்கி உள்ளே வைத்தவர் அந்தத் தந்தையே. பிள்ளையின் பாடல்களுக்கு எப்பெயர் வாய்க்குமோ அறியோம். ஆனால் தந்தையைத் தேடிப் பாட வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அவர் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றார்.