வாதாம் இலையும் சாயப்பொடியும்

இலையுதிர் கால வாழ்த்து அட்டை என்று கேட்டால் கடைக்காரர் மேப்பிள் இலை அச்சடித்த ஒன்றைத்தான் எடுத்துப் போடுவார். அக்டோபரில் கனடாவிலும் ஜப்பானிலும் மலைச்சரிவு சிவப்பது உண்மைதான். ஆனால் அதே அக்டோபரில் ராஜபாளையத்தில் ஐப்பசி மழை. மேற்கே மலை முழுக்கப் பச்சை. நம் பக்கத்தில் இலை சிவக்க வேண்டுமென்றால் தை பிறக்க வேண்டும். மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் வற்ற வற்ற, தெருவோரத்து வாதாம் மரங்களில் இலை பழுத்து, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து விழும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காட்டிலும் அடிவாரத்து மரங்கள் பங்குனிக்குள் பாதி மொட்டையாகிவிடும். அப்படிப் பார்த்தால் நமக்கு இலையுதிர் கால அட்டை என்பது பொங்கல் வாழ்த்துதான்.

பொங்கல் வாழ்த்துக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு. தீப்பெட்டி லேபிள் அடித்துக் கைதேர்ந்த சிவகாசி அச்சகங்கள் பானை, கரும்பு, காளை, சினிமா நடிகர்கள் என்று அடித்துத் தள்ளிய அட்டைகள் மார்கழிக் கடைசியில் பெட்டிக்கடைகளில்கூடக் கொடியில் தொங்கும். செல்பேசி வந்து அந்தக் கொடியை அவிழ்த்துவிட்டது. அச்சடித்த அட்டை மறுபடி வருமா என்று தெரியாது; கையால் செய்யும் அட்டைக்கு யாருடைய அச்சகமும் தேவையில்லை. அதிலும் பின்னணியைச் சாயப்பொடியால் செய்யும் முறைக்குப் படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. முக்கால் பங்கு வேலையைத் தண்ணீரே செய்துவிடும்.

முதலில் பொடியைப் பற்றி. ஓவியப் பொருள் கடையில் நீர்வண்ணப் பொடி என்று சிறு டப்பாக்களில் கிடைப்பது நீரில் முழுக்கக் கரையும் சாயம். பள்ளிப் பிள்ளைகளின் நீர்வண்ண வில்லை அப்படியல்ல. கரையாத நிறமித் துகளைப் பிசினில் குழைத்துச் செய்தது. வண்ணக் கோலப்பொடியும் இதற்கு உதவாது. அது சாயம் ஏற்றிய கல்மாவு. நனைத்தால் அங்கேயே சேறாகக் குந்திக்கொள்ளும். சாயப்பொடியின் ஒரு துகள் ஈரத்தில் பட்டதும் நட்சத்திரமாக வெடிக்கும். டப்பா மூடியைத் திறக்காமல் குண்டூசியால் இரண்டு துளை போட்டுக்கொண்டால் போதும். ஒரு சிட்டிகைக்கு மேல் தூவினால் அட்டை சாயப்பட்டறைத் தொட்டி ஆகிவிடும்.

தாளை முதலில் நனைத்துவிட்டுத் தூவலாம். நிறங்கள் மென்மையாகப் படரும். உலர்ந்த தாளில் தூவி, இஸ்திரிக் கடையில் துணிக்கு நீர் அடிக்கிற மாதிரி பாட்டிலால் ஓர் அடி தள்ளி நின்று தூறல் போடலாம். கூர்மையான தெறிப்புகள் விழும். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். எப்படிச் செய்தாலும் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். தேய்த்தால் எல்லா நிறமும் ஒன்றாகிப் பழுப்பாகும்.

இந்த வெடிப்பு எப்படி நடக்கிறது? சாயம் தானாகத் தண்ணீரில் பரவுகிறது என்று தோன்றும். அசையாத நீரில் சாய மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் பரவ ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அட்டையில் அது சில நொடிகளில் நடந்துவிடுகிறது. உண்மையில் ஓடுவது தண்ணீர். தாளின் நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் அதை இழுக்கின்றன, சாயம் கூடவே போகிறது. உலரும்போது ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாவதால் நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சாயம் அங்கே போய்க் குவியும். காப்பி சிந்திய இடத்தில் விளிம்பு மட்டும் கறுத்து நிற்கிறதே, அதே கதைதான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதற்கு விளக்கம் எழுதினார்கள்.

இன்னொரு வேடிக்கை, பழுப்பு, கறுப்புப் பொடிகளில் இருக்கிறது. அவை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. தாளின் நாரை இறுகப் பிடித்துக்கொள்ளும் சாயம் விழுந்த இடத்திலேயே நிற்கும். பிடிப்பில்லாதது தண்ணீரோடு தூரம் போகும். ஒரே பழுப்புத் துகளிலிருந்து மஞ்சளும் சிவப்பும் நீலமும் தனித்தனியே கிளம்புவது இதனால்தான். மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே ஆய்வு முறையாக்கினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, அதன் வழியே இலைச்சாற்றை இறக்கினார். பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் பிரிந்து நின்றன. 1906-இல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயரிட்டார். பச்சை இலைக்குள் மஞ்சள் நிறமி ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிய சோதனை அது.

வாதாம் இலை பழுப்பதும் அந்தக் கணக்குத்தான். உதிர்வதற்கு முன் மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன் போன்ற சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சை விலகியதும் கரோட்டினாய்டு மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் பழைய சரக்கில்லை. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைச் சாகப்போகிற இலை புதிதாகத் தயாரிக்கிறது. போகிற நேரத்தில் எதற்கு இந்தச் செலவு என்று தாவரவியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சத்தை மீட்டு முடிக்கும்வரை வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரை என்பது ஒரு தரப்பு.

தாள் விஷயத்தில் ராஜபாளையத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நல்ல நீர்வண்ணத் தாள் மரக்கூழில் செய்ததல்ல, பஞ்சில் செய்தது. நூற்பாலை ஊருக்குப் பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதுபோலத் தாளுக்கும் ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நின்று விளையாட அதுதான் அவகாசம் தருகிறது. அது இல்லாத மையொற்றுத் தாளில் தூவிப் பாருங்கள், எல்லாம் மங்கிய புள்ளியாகிவிடும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள் போன்றவற்றை வாங்கினால் ஓரத்தில் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது.

அடுத்தது, சத்திரப்பட்டி. ராஜபாளையத்தை ஒட்டிய அந்த ஊரில் நெய்வது மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி. அதில் ஒரு துண்டை ஈரத் தாள்மேல் கசக்கிப் போட்டு, அதன்மேல் பொடி தூவி நீர் அடித்து, உலர்ந்தபின் உரித்தால் இலை நரம்பு மாதிரி ஒரு வலைக்கோலம் கிடைக்கும். இறக்குமதி ஸ்டென்சிலுக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஈரம் பளபளப்பை இழக்கும் நேரம் பார்த்து நாலு கல்லுப்பு போட்டால், ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள நீரை இழுத்து வெளிறிய பூவாக்கும். கல்லுப்பைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைக்க வேண்டாம், அடுப்படியில் இருக்கும்.

இலைக்கு வருவோம். வாதாம் இலை பெரியது. ஒரு சாண் இருக்கும். அட்டைக்குக் குட்டி இலையாகப் பொறுக்கி, இரண்டு நாள் கனமான புத்தகத்தில் வைத்துத் தட்டையாக்க வேண்டும். தாளில் அதை அழுத்திப் படுக்கவைத்துச் சுற்றிலும் பொடி தூவி நீர் அடித்தால், எடுத்தபின் வெள்ளை இலை நிற்கும். நரம்பு வேண்டுமென்றால் இலையின் அடிப்பக்கத்தில் கெட்டியான வண்ணம் பூசி, உலர்ந்த பின்னணியில் ஒற்ற வேண்டும். நரம்பு அடிப்பக்கத்தில்தான் புடைத்திருக்கும். இலையில் கைவேலை என்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதில்லை. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு என்று நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள்.

சாயப்பொடி காற்றில் பறக்கும், நுரையீரலுக்கு ஆகாது. மின்விசிறியை அணைத்து, மூக்கை மூடிக்கொண்டு தூவ வேண்டும். பாய்க்கும் துணிக்கும் போடும் பெயரில்லாப் பொட்டலச் சாயம் பிள்ளைகள் கைக்கு வரவே கூடாது. புற்றுநோய் அபாயத்தால் சில அசோ சாயங்களை இந்தியா 1990-களிலேயே தடை செய்திருக்கிறது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாயம் வெயிலில் வெளிறும், ஆகவே அட்டையைச் சன்னலோரம் வைக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் நனைந்ததால் தாள் சுருளும். லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்குழவி ஏற்றினால் நேராகும். மார்கழிப் பனியில் உலர இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 300 ஜிஎஸ்எம் தாளில் ஏ5 அளவு வெட்டி இரண்டாக மடித்தால் அட்டை 9 கிராம் சொச்சம். உறையும் இலையொற்றும் சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்துக்கான 20 கிராமைத் தாண்டாது. போகிக்கு ஒரு வாரம் முன்னால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.