காபி, டீ எவ்வளவு சூடா குடிக்கலாம்? கொல்லிமலைக்கும் இதே கணக்குதான்!

70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலைக்கு மேலே போனதும், குளிருக்கு முதலில் தேடுவது சுடச்சுட ஒரு டம்ளர் காபிதான். மிளகோடு காபியும் விளையும் மலையாச்சே! ஆனா, எவ்வளவு சூடு வரை சரி?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலையும் குறையும். 1,200 மீட்டர் உயரத்தில் சுமார் 96 டிகிரி. 'மலையில சூடு கம்மிதானே' என்று உடனே வாயில் ஊற்றிவிடக் கூடாது.

காரணம், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. பிரச்சினை காபியோ டீயோ அல்ல, சூடுதான்.

அப்போ என்ன செய்யலாம்? டவரா டம்ளரில் நாலு முறை நல்லா ஆத்துங்க. காற்று படும் பரப்பு அதிகமாகி, சூடு வேகமா இறங்கும். டம்ளரைக் கையில் பிடிக்க முடியலைன்னா, தொண்டைக்கும் அது ஆகாது. பேப்பர் கப்பில் இந்த எச்சரிக்கை கைக்கு அவ்வளவா தெரியாது; சில நிமிடம் ஆறவிட்டுக் குடிங்க.