கட்சிப் போட்டியில் கல்வி பெற்றதும் இழந்ததும்

2011 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, பெரும்பாலான மாணவர்களின் கையில் பாடநூல் இல்லை. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்த பள்ளிக் கல்வியை ஒன்றாக்க, 2010-ல் திமுக அரசு சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றியது. முதல் ஆண்டில் 1, 6 ஆகிய வகுப்புகளில் அது நடைமுறைக்கும் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்த அதிமுக அரசு, நூல்களின் தரம் போதாது என்று கூறி, சட்டத்தைத் திருத்தி அத்திட்டத்தைத் தள்ளிவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பத்து நாள்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்தது. அதற்குள் கல்வியாண்டின் இரண்டு மாதங்கள் கரைந்துவிட்டன. பின்னர் வழங்கப்பட்ட நூல்களிலும், முந்தைய முதல்வர் தொடர்பான பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன.

இதே மாநிலத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவை, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவுபடுத்தினார். கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது; ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் சேர்ந்தன; 2022-ல் ஸ்டாலின் அரசு காலை உணவைச் சேர்த்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள்ஒதுக்கீட்டை 2020-ல் அதிமுக அரசு கொண்டுவந்தது. அடுத்து வந்த திமுக அரசு அதைப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் நீட்டித்தது. முன்னாள் முதல்வர்களின் படம் அச்சிடப்பட்ட புத்தகப் பைகளை வீணாக்காமல் மாணவர்களுக்கே வழங்கவும் 2021-ல் முடிவெடுக்கப்பட்டது. உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22-ல் தேசிய சராசரி 28.4% ஆக இருந்தபோது, தமிழ்நாடு 47 விழுக்காட்டை எட்டியிருந்ததில் இந்தத் தொடர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே கட்சிகள்தாம், விளைவுகள் ஏன் இவ்வளவு மாறுபட்டன? முந்தைய ஆட்சியின் பணிமீது கட்டியெழுப்பும் போட்டி குழந்தைக்கு ஆதாயம். அதன் தடத்தை அழிக்கும் போட்டி குழந்தைக்கு இழப்பு. உணவு, சீருடை, மிதிவண்டி ஆகியவை பெற்றோரின் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றை நிறுத்தும் கட்சி வாக்குகளை இழக்கும். அந்த அச்சமே அவற்றைக் காப்பாற்றுகிறது.

வகுப்பறைக்குள் நடக்கும் கற்றலுக்கு அத்தகைய காவல் இல்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்பதையே, தமிழக ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட ‘ஏசர்’ ஆய்வுகள் காட்டிவருகின்றன. இந்தக் குறை தேர்தல் மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது. வாசிப்புத் திறனை வளர்க்கப் பல ஆண்டுகள் தேவை. ஆட்சிக் காலமோ ஐந்தே ஆண்டுகள். ஒருவர் விதைத்ததை மற்றொருவர் அறுக்க நேரிடும் என்பதால், விதைக்கும் ஆர்வமே குறைகிறது. கரோனா கால இழப்பை ஈடுசெய்ய 2022-ல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டங்களின் உண்மையான சோதனை, வேறு கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவை நீடிக்குமா என்பதில்தான் இருக்கிறது.

கல்வியிலிருந்து அரசியலை விலக்க முடியாது, விலக்கவும் வேண்டியதில்லை. சத்துணவே அரசியலின் கொடைதான். வேண்டுவது இரண்டு. கல்வியாண்டின் நடுவே பாடத்திட்டத்தை மாற்றுவதில்லை என்று கட்சிகள் தமக்குள் உடன்பட வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் குழந்தைகளின் வாசிப்பு நிலை ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். தட்டில் முட்டை இல்லையென்றால் கேள்வி கேட்கும் பெற்றோர், தம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றாலும் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் வரும்போது, கட்சிகளின் போட்டி வகுப்பறைக்குள்ளும் நுழையும்.