உருளைக்கிழங்கின் மென்னழுகலும் கிருமிகளின் செய்திப் பொருளும்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் தேயிலைத் தோட்டத்து லயங்களை அடுத்த சிறு காணிகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும் பயிரிடுவோர் நன்கறிந்த துன்பம் ஒன்றுண்டு. உறுதியாய்க் கண்டு சாக்கில் இட்ட கிழங்கு, சில நாட்களில் கூழாகி நாற்றம் வீசும். அதன் நீர் பட்ட அயற்கிழங்குகளும் கெடும். ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு இவ்வாறு அறை மூலையிலேயே அழிந்துவிடுவதுண்டு. இதுவே மென்னழுகல் நோயாகும்.

இதனை உண்டாக்குவது பெக்டோபாக்டீரியம் என்னும் பற்றீரியா. முன்னர் இது எர்வீனியா கரொட்டோவோரா எனப்பட்டது. கரட்டைத் தின்பது என்பது அப்பெயரின் பொருள்; ஆயினும் கிழங்கையும் கோவாவையும் அது விட்டுவைப்பதில்லை. கிழங்குத் தோலின் நுண்துளைகளில் நோய்க்குறி எதுவுமின்றி நெடுநாள் தங்கியிருக்கவும் வல்லது. ஆகவே, பார்வைக்கு நல்ல கிழங்கெல்லாம் கிருமியற்ற கிழங்கென்று கொள்ளலாகாது.

அது காத்திருப்பதன் காரணம் வியப்பிற்குரியது. ஒவ்வொரு கிருமியும் அசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்னும் பொருளைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. கிருமிகள் பெருகப் பெருக இப்பொருளும் செறிகிறது. குறித்த அளவை எட்டியதும், கிழங்கின் கலங்களைப் பிணைத்து நிற்கும் பெக்டினைக் கரைக்கும் நொதியங்களைக் கிருமிகள் யாவும் ஒருங்கே பெருவாரியாகச் சுரக்கின்றன. சிலவே முற்பட்டுத் தாக்கின், செடி விழித்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது அறிஞர் கருத்து. சங்கக் கூட்டத்தில் கூட்ட நடப்பெண் சேராவிடில் தீர்மானம் எடுக்க இயலாதன்றோ? கடலில் ஒளிவீசும் பற்றீரியாவில் 1970இல் விவரிக்கப்பட்ட இத்தகைய செயலுக்கு 1994இல் இட்ட ஆங்கிலப் பெயரும் அந்த நடப்பெண்ணைக் குறிப்பதே.

மண்ணில் வாழும் பசிலசு இனமொன்றின் நொதியம் இச்செய்திப் பொருளைச் சிதைக்கும். அந்நொதியத்தைத் தாமே ஆக்கும் உருளைக்கிழங்குச் செடிகள் மென்னழுகலை எதிர்த்து நின்றதைச் சிங்கப்பூர் ஆய்வாளர் 2001இல் காட்டினர்.

கமக்காரர் செய்யத்தக்கது, கிருமிகள் அவ்வெண்ணிக்கையை எட்டாது தடுப்பதே. அழுகிய கிழங்கைத் திருத்தும் மருந்து இல்லை. ஈரம் படிந்த கிழங்கிற்குக் காற்றுக் குறைவதால் அதன் எதிர்ப்பாற்றல் தளரும். கிருமியோ காற்றின்றியும் பெருகும். எனவே மழை ஓய்ந்த நாளில், தோல் முற்றிய பின் கிழங்கைத் தோண்டுக. கழுவாது நிழலில் உலர்த்துக. மண்வெட்டி பட்டவற்றைப் பிரித்து முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்க. எஞ்சியவற்றைக் காற்றோட்டமுள்ள பெட்டிகளில் வைத்து, அடிக்கடி பார்த்து அழுகியவற்றை அகற்றுக. அவற்றைக் கானில் எறிதல் கூடாது. மேற்காணியின் நீரே கீழ்க்காணிக்குப் பாய்கிறது.