அந்த அதிகாரியை அழைத்தது யார்?

நற்காரியங்களுக்காக உழைக்கிறவர்களை ஒரே இடத்தில் கூட்டிச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம் இணையம் பரவிய நாட்களில் அநேகருக்கு இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் பால் ஹாக்கன் 2007-ஆம் ஆண்டு வைசர்எர்த் என்னும் இணையக் கூட்டமைப்பை உருவாக்கினார். சுற்றுச்சூழலுக்காகவும் சமூக நீதிக்காகவும் பாடுபடும் ஒரு லட்சத்திற்கும் அதிகமான அமைப்புகள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. 2014-இல் அது மூடப்பட்டது. பட்டியல் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்திருப்பது வேறு, ஒருவருக்காக மற்றொருவர் எழுந்து ஒரு காரியம் செய்வது வேறு. இரண்டாவதற்கு நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அது சத்தீஸ்கர் மாநிலத்தில் பிறந்தது.

அம்மாநிலத்தின் காட்டுப் பகுதிகளில் வாழும் கோண்டு மக்களின் மொழி கோண்டி. தமிழைப் போலவே அதுவும் ஒரு திராவிட மொழி. நாடு முழுவதும் ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதைத் தங்கள் தாய்மொழியாகக் கூறியதாக 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஆயினும் அரசு அலுவலகத்தின் மொழி இந்தி. அம்மக்களில் பலருக்கோ எழுத்தறிவும் இல்லை. கூலி வரவில்லையென்றால் எங்கே, எந்த மொழியில் முறையிடுவது? வேற்றுமொழி பேசும் அலுவலக வாசலில் ரேஷன் அட்டைக்காகக் காத்து நின்ற உங்களுக்கு இதை நான் விவரிக்கத் தேவையில்லை.

முன்னாள் பிபிசி செய்தியாளர் சுப்ராம்ஷு சௌத்ரி, 2010-இல் 'சிஜிநெட் ஸ்வரா' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். தனியார் வானொலிகளோ சமுதாய வானொலிகளோ சுயமாகச் செய்தி ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகவே அவர் சாதாரணக் கைப்பேசியைக் கருவியாக்கினார். பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் வல்லுநர்கள் தொழில்நுட்ப உதவி செய்தனர். கிராமத்தார் ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். கணினி அவரைத் திரும்ப அழைக்கும். தம் குறையைத் தம் சொந்த மொழியிலேயே அவர் பதிவு செய்யலாம், பிறர் பதிந்ததையும் கேட்கலாம். அவருக்கு ஒரு பைசாவும் செலவில்லை. பயிற்சி பெற்றவர்கள் செய்தியைச் சரிபார்த்த பின்னரே அது வெளியிடப்பட்டது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறிய ஒழுங்கு. குறையைச் சொல்லுகிறவர் அதற்குப் பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சொல்லுவார். தூரத்து நகரங்களில் அதைக் கேட்டவர்கள் அந்த அதிகாரியை நேரடியாக அழைத்தார்கள். பழுதான அடிபம்பு, நிலுவையிலுள்ள நூறு நாள் வேலைக் கூலி, வராத முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றைக் குறித்து முன்பின் அறியாத நகரவாசி ஒருவர் மரியாதையாக விசாரிக்கிறார். கிராமத்தானை வாசலிலேயே திருப்பி அனுப்பிய அதிகாரி அப்பொழுது கோப்பைத் தேடி எடுக்கிறார்! (இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமல்லதான், முறையிட்டவன் குரலே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.)

எல்லாக் குறைகளும் தீர்ந்துவிடவில்லை. பாதுகாப்புப் படையினருக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் இடையே அகப்பட்டிருந்த பஸ்தர் பகுதியில், தன் பெயரையும் ஊரையும் சொல்லிப் புகார் பதிவதற்கே மிகுந்த தைரியம் வேண்டியிருந்தது.

நீங்கள் யாருக்காகவாவது இப்படி ஓர் அலுவலகத்தை அழைக்க நேர்ந்தால், ஊர், வட்டாரம், மாவட்டம், விண்ணப்பித்த தேதி ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். பேசியவரின் பெயரைக் கேட்டு எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் அழையுங்கள். முதல் அழைப்பைவிட இரண்டாவது அழைப்பு அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு.

காரியம் முடிந்தபின் ஸ்வராவில் மற்றொரு வழக்கமும் இருந்தது. குறை சொன்னவர் மீண்டும் அதே எண்ணை அழைத்து, "கூலி வந்துவிட்டது" என்றோ, "பம்பு சரியாகிவிட்டது" என்றோ பதிவு செய்து, தொலைபேசியில் பேசினவர்களுக்கு நன்றி கூறுவார். அவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது.