புதுத் தொட்டியில் மீன் ஏன் செத்துப்போகுது?



இந்த வருஷம் எங்க வகுப்புல நாலு பேர் வீட்டுல மீன்தொட்டி வச்சாங்க. மூணு வீட்டுல பத்து நாளைக்குள்ள மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. "கடைக்காரர் சீக்கு மீனைக் கொடுத்துட்டார்" என்றார்கள் ஒரு வீட்டில். "கண்ணு பட்டுடுச்சு" என்றார் இன்னொரு வீட்டுப் பாட்டி. நான் விசாரித்துப் பார்த்த வரையில் காரணம் ரெண்டுமே இல்லை. தண்ணீர்தான் காரணம்! மீன் வளர்க்க ஆசைப்படுறவங்க முதல்ல தண்ணியை வளர்க்கணும். எப்படி என்று சொல்கிறேன்.

1. தொட்டி வாங்கின அன்னிக்கே மீன் வாங்குவது

மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியே வரும். அதன் கழிவும், மிச்சம் கிடக்கும் தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். குளத்துல இருக்கிற ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட் ஆக்கிவிடும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ரொம்ப சேர்ந்தால்தான் கெடுதல். நாம பாடத்துல படிக்கிற நைட்ரஜன் சுழற்சி இதுதான்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அது பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதனால தண்ணி பளிங்கு மாதிரி தெரியும், மீன் மட்டும் செத்துப்போகும்!

என்ன செய்யலாம்? மீன் விடாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாங்க. ரொம்ப நாளா நல்லா ஓடுற தொட்டி யார் வீட்டுலயாவது இருந்தால், அந்த அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஈரத்தோடு வாங்கி வந்து போடுங்க. பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான், சீக்கிரம் தயாராகும். பிறகும் முதலில் ரெண்டு மூணு மீன் போதும்.

2. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்துவது

கிருமி சாகத்தான் குடிநீரில் குளோரின் கலக்குறாங்க. அது செவுளையும் அரிக்கும், நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில பிடிச்சு, மூடாமல் ஒரு நாள் முழுக்க வச்சு, அப்புறம் ஊத்துங்க.

3. பீச்சில் பொறுக்கின சிப்பியைப் போடுவது

இது நம்ம காரைக்கால் பிள்ளைகளுக்கே உள்ள ஆசை! சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் சுண்ணாம்பு. அது கொஞ்சம் கொஞ்சமா கரைந்து தண்ணியைக் காரமாக்கும். காரத் தண்ணியில் அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும். சந்தேகமான கல் மேல எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க. நுரைத்தால் போடாதீங்க. கடலில் பிடித்த மீனையும் தொட்டியில் விடக்கூடாது. கடல் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. உப்பில்லாத நல்ல தண்ணியில் விட்டால் பெரும்பாலான கடல் மீன்கள் பிழைக்காது.

4. சின்னக் கிண்ணத்தில் தங்கமீன்

"அவன் வீட்டுல பாட்டில்லயே மீன் இருக்கே?" என்று கேட்பீங்க. அது ஃபைட்டர் மீன். தண்ணிக்கு மேல வந்து காற்றைக் குடிக்கத் தனி உறுப்பு அதுக்கு உண்டு. நம்ம வயல் வாய்க்காலில் இருக்கிற பனையேறிக் கெண்டைக்கும் அப்படித்தான். நமக்கு வடக்கே இருக்கிற தரங்கம்பாடியில் 1791-ல் அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனியர் எழுதி வைத்திருக்கிறார்!

தங்கமீனுக்கு அந்த உறுப்பு இல்லை. வெயில் காலத்தில் தண்ணி சூடானால் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியாவது வாங்குங்க. 56 லிட்டர் பிடிக்கும். எடையும் 56 கிலோவுக்கு மேல! டி.வி. மேசையில் வைக்காதீங்க. முதல் முறை வளர்க்கிறவங்களுக்கு கப்பி, மோலி நல்லது.

5. ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டுக் கழுவுவது

பாக்டீரியா எல்லாம் அன்னிக்கே போயிடும், சோப்பு விஷமும் சேரும். வாரம் கால் பங்கு தண்ணியை மட்டும் மாத்துங்க. ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணியிலேயே அலசுங்க.

6. பாசத்தில் தீனியைக் கொட்டுவது

ரெண்டு நிமிஷத்தில் தின்னு முடிக்கிற அளவுதான் போடணும். வீட்டுல எல்லாரும் போடாமல் ஒருத்தரிடம் மட்டும் அந்த வேலையை விடுங்க.

7. கரண்ட் போவதை மறப்பது

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. காற்று பம்பும் ஃபில்டரும் நின்றால், தொட்டித் தண்ணியையே மக்கில் மொண்டு உயரத்திலிருந்து மெதுவாக ஊத்திக்கிட்டே இருங்க, ஆக்சிஜன் கலக்கும். பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வையுங்க. கீழே இருந்தால் டியூப் வழியா தண்ணி இறங்கி பம்பு கெடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். இடம் போதவில்லை என்று அதை அம்மையார் கோயில் குளத்திலோ அரசலாற்றிலோ விட்டுடாதீங்க. தமிழ்நாட்டில் பல ஏரிகளில் அது பெருகி, ஊர் மீன்களுக்குப் போட்டியாக இருக்கு. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்க.

இந்த மாதம் தொட்டி, அடுத்த மாதம் மீன். இதை மட்டும் மறக்காதீங்க!

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்