மெழுகு விளக்கு காக்கும் திராட்சை

ஏப்ரல் மாதம் என்றால் நம் ஊரில் வெயில் கொளுத்தும். அதே ஏப்ரலில், பிரான்ஸ் நாட்டின் ஷாப்லி என்ற ஊரில் விவசாயிகள் நள்ளிரவில் எழுந்து திராட்சைத் தோட்டத்துக்கு ஓடுவார்கள். கொடிகளுக்கு நடுவே வரிசை வரிசையாக மெழுகு விளக்குகளை ஏற்றுவார்கள். ஏதோ திருவிழா என்று நினைக்கிறீர்களா? பயிரைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்!

தூங்கும் கொடி

ஷாப்லி, பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே உள்ளது. ஒயின் தயாரிக்கப் பயன்படும் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். குளிர்காலத்தில் அங்கே திராட்சைக் கொடி இலைகளை உதிர்த்துவிட்டுத் தூங்கும். அப்போது பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் குளிரைக்கூடத் தாங்கும்.

வசந்தத்தில் சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியதும் கொடி விழித்துக்கொள்ளும். மொட்டுகள் விரிந்து பச்சைத் துளிர்கள் எட்டிப் பார்க்கும். இந்தத் துளிர்களில் நீர்ச்சத்து அதிகம். எனவே, மைனஸ் 2 டிகிரி குளிர் வந்தாலே உறைந்து கருகிவிடும். மறுபடி துளிர்த்தாலும் காய்கள் குறைவாகவே இருக்கும். ஓர் இரவுக் குளிர், ஓர் ஆண்டு உழைப்பையே அழித்துவிடும்.

மே 11, 12, 13 ஆகிய நாட்களை ஐரோப்பிய விவசாயிகள் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் என்பார்கள். அவை கழிந்தால்தான் உறைபனி பயம் தீரும் என்பது அவர்களின் நீண்ட கால நம்பிக்கை.

காப்பாற்றும் வழிகள்

முதல் வழி, நெருப்பு. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 300-க்கும் மேற்பட்ட மெழுகு டப்பாக்களை வைத்து எரிப்பார்கள். செலவு அதிகம்.

இரண்டாவது வழியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். துளிர்கள் மீது தண்ணீர் தெளிப்பார்கள்! தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெப்பத்தை வெளியிடும். இதற்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். அதனால் கண்ணாடி போன்ற பனி உறைக்குள் இருக்கும் துளிர், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகாமல் பிழைக்கும். ஆனால் பொழுது விடிந்து பனி உருகும் வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. இடையில் நிறுத்தினால் துளிர் செத்துவிடும்.

மூன்றாவது வழி, காற்று. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனமாகித் தரையில் தேங்கும். வெதுவெதுப்பான காற்று அதற்குச் சற்று மேலே இருக்கும். நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு, மேலே உள்ள காற்றைக் கீழே தள்ளுவார்கள். பூமியின் தென்பாதியில் உள்ள அந்த நாட்டில் வசந்தம் செப்டம்பரில்தான் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மழையும் பகை

உறைபனிக்குத் தப்பினாலும் கவலை தீராது. பிரான்சில் மே கடைசியிலோ ஜூனிலோ கொடி பூக்கும். மிகச் சிறிய பூக்கள். அந்தச் சில நாட்களில் மழையும் குளிரும் சேர்ந்து வந்தால், மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காது. பூக்கள் உதிரும், குலையில் பழங்கள் குறையும். நல்ல வெயில் அடித்தால் குலை நிறையக் காய்க்கும். பூத்து சுமார் 100 நாட்களில் அறுவடை.

2021-ல் நடந்தது

2021 மார்ச் இறுதியில் பிரான்சில் கோடைபோல் வெயில் அடித்தது. கொடிகள் ஏமாந்து சீக்கிரமே துளிர்த்துவிட்டன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடும் உறைபனி தாக்கியது. இரவெல்லாம் விளக்கேற்றியும் பல தோட்டங்கள் கருகின. ஆப்ரிகாட், செர்ரி மரங்களும் தப்பவில்லை.

பூமி சூடாகிறது என்றால் உறைபனி ஆபத்து குறையத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! சூட்டினால் கொடி முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. குளிர் இரவுகளோ இன்னும் முழுமையாக விலகவில்லை. இரண்டுக்கும் நடுவே இளந்துளிர் மாட்டிக்கொள்கிறது. புவி வெப்பமடைவதால் இத்தகைய சேதத்துக்கான வாய்ப்பு கூடியிருப்பதாக, 2021 உறைபனியை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கூறினார்கள்.

அடுத்த முறை திராட்சை சாப்பிடும்போது, அந்தச் சின்னத் துளிரையும், அதற்காகக் கண்விழிக்கும் விவசாயிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.